வீட்டில் பழைய கைநெம்பு டயர் இயந்திரம்: நம் அனுபவங்கள்

சேரன்மகாதேவியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மின்சாரம் இல்லாமல் கையால் நெம்பியே டயரைக் கழற்றும் பழைய இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. பஞ்சர் கடையை மூடிய அண்ணாச்சி ஒருவரிடமிருந்து அதை வாங்கினேன். தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் உடைமுள் கிடப்பதால் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிட்டால், வெளியிலிருந்து திரி செருகி அடைப்பதைவிட, டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து ஒட்டுப் போடுவதே நம்பகமானது என்பது என் உறுதியான எண்ணம்.

இயந்திரத்தைக் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நெம்பும்போது டயர் அசையாது, இயந்திரம்தான் சுற்றும்.

வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கிய பிறகே டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும். அழுத்தும் தகடு ரிம்மின் மேல் உட்காராமல் அதை ஒட்டிய ரப்பரின் மேல் உட்கார வேண்டும். ஒரே இடத்தில் முழுவதும் அமுக்காமல், சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி அமுக்கினால், துருவோடு ஒட்டிப்போன விளிம்பும் விட்டுக்கொடுக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் டயரைக் கொஞ்ச நேரம் கிடத்தினால் ரப்பர் இளகி வேலை பாதியாகிவிடுகிறது.

அடுத்துக் கழற்றும் தடியைச் செருகும்போதுதான் பலரும் மூச்சு வாங்குகிறார்கள். டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுவதால் அது நீளாது. அதன் வட்டமோ ரிம்மின் வெளி ஓரத்தைவிடச் சிறியது. அதனால்தான் ரிம்மின் நடுவில் பள்ளம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்து விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் மட்டுமே எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைத்து, அது ஓரத்தைத் தாண்டி வெளியே வரும். இயந்திரத்தைக் கொடுத்த அண்ணாச்சி முதலில் சொன்னதும் இதைத்தான்: "பலத்தைக் காட்டாதீரும் வே, எதிர்ப்பக்கம் பள்ளத்துல இறங்கியிருக்கான்னு பாரும்." முழங்காலால் எதிர்ப்பக்கத்தை அமுக்கி வைத்துக்கொண்டு தடியைச் சுற்றினால், உடல் பருமனில்லாதவர்கூடக் காரின் டயரைக் கழற்றிவிடலாம். தடி முரண்டு பிடித்தால் இழுப்பதை நிறுத்திவிட்டு மறுபக்கத்தைக் கவனியுங்கள். மீறி இழுத்தால் விளிம்பு கிழியும், அந்த டயரில் பிறகு காற்று நிற்காது.

பள்ளம் பெரும்பாலும் ரிம்மின் ஒரு முகத்தை ஒட்டியே அமைந்திருக்கும். எந்த முகம் என்று பார்த்து அதை மேலே வைத்துக்கொண்டால், இரண்டு விளிம்புகளையும் அந்த வழியாகவே எடுக்கலாம், ஏற்றலாம்.

வழுக்கலுக்குச் சோப்புக் கரைசல் போதும். கிரீஸும் பழைய எஞ்சின் ஆயிலும் ரப்பரைக் கெடுப்பதோடு, உலராமல் தங்கி, பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் டயரையே நழுவவிடும்.

வள்ளியூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

சேரன்மகாதேவி அண்ணாச்சி மேலே எழுதியவற்றோடு, காற்று அடிக்கும் கட்டத்தைப் பற்றி எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது பலத்த சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் விரல் இடையில் இருக்கவே கூடாது. கார் டயர் 40 பிஎஸ்ஐ வரை அடித்தும் உட்காரவில்லையென்றால், மேலும் ஏற்றாமல் காற்றை இறக்கிவிட்டு, மறுபடி சோப்புத் தடவித் தொடங்குவதே முறை. லாரிகளில் வரும் வளையம் மாட்டிய ரிம்மை, எவ்வளவு பழக்கமிருந்தாலும், வீட்டில் தொடாதீர்கள். காற்றேறும்போது அந்த வளையம் தெறித்தால் உயிரே போய்விடும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடைக்குத்தான் அது போக வேண்டும்.

அலாய் ரிம்முக்குத் தடியின் முனையில் நைலான் உறை மாட்டிக்கொள்கிறேன். பழைய டயரையே திரும்பப் போடுவதாக இருந்தால், கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதே இடத்தில் பொருத்துகிறேன். பேலன்ஸ் அதிகம் மாறாமல் இருக்க அது உதவுகிறது. புது டயர் என்றால், வீட்டில் மாட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்கச் சக்கரத்தைக் கடைக்குக் கொண்டு போய்விடுகிறேன்.