மறு: சக்கரத்தில் படியும் ‘பிரேக் தூசி’க்குத் தமிழ்ச்சொல் – ‘தேய்தூள்’ பொருந்துமா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கார் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் இந்த ஒரு சொல்லுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: பிரேக் தூசி, நிறுத்தித்தூசு, தடுப்புப்புழுதி, உராய்வுத்துகள். முதல் மூன்றிலும் பின்னொட்டாக நிற்கும் பெயரே பொருளோடு ஒட்டவில்லை என்பதும், நான்காவது சொல் வேறோர் இடத்துக்கு உரியது என்பதும் என் கருத்து. மாற்றாகத் ‘தேய்தூள்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இது வெறும் சொல்லழகு பற்றிய வாதம் அன்று. சக்கரத்தின் மேல் கிடப்பதை நாம் என்னவென்று அழைக்கிறோமோ அதற்கேற்றபடிதான் அதைத் துடைக்கப் போகிறோம் என்பதால், இந்தப் பெயரில் நாம் தவறினால் கையேட்டைப் படிப்பவரின் கையும் தவறும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டை இரண்டு பக்கமும் பேடுகள் எனும் உராய்வுப் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. காரின் ஓட்டம் அங்கே வெப்பமாக மாறுகிறது. அந்த உராய்வில் பேடும் தேய்கிறது, வட்டும் தேய்கிறது. பேடில் இருந்து பிசின், கிராஃபைட், உலோக இழைகள் போன்றவையும், வட்டில் இருந்து இரும்பும் மிக நுண்ணிய பொடியாகப் பிரிந்து, சூட்டோடு வெளியே தெறித்து, பக்கத்திலேயே இருக்கும் சக்கரத்தின் ஆரக்கால்களிலும் உள்வளையத்திலும் போய் ஒட்டுகின்றன. இது பேடில் இருந்து மட்டுமே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் கணிசமான பங்கு வட்டின் இரும்புதான். பின்னால் வரப்போகும் துருத் தொல்லைக்கும் அந்த இரும்புதான் பெரும் காரணம்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். தமிழில் இந்த வகைப் பொருள்களுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிறப்பைச் சொல்கிறது. புழுதி தரையில் இருந்து கிளம்புவது. தூசி காற்றில் மிதந்து வந்து எங்கோ அமர்வது. ஊதினால் போய்விடும், துணியால் தட்டினால் போய்விடும். பொடி பெரும்பாலும் நாம் வேண்டுமென்று இடித்தோ அரைத்தோ எடுப்பது. நீறு எரிந்த பின் எஞ்சுவது. தூள் என்பது ஒரு திடப்பொருளை அறுக்கும்போதோ உடைக்கும்போதோ தேய்க்கும்போதோ அதன் உடம்பில் இருந்தே கழிந்து விழுவது. மரத்தை அறுத்தால் விழுவதை மரத்தூள் என்கிறோமே தவிர, மரத்தூசி என்று யாரும் சொல்வதில்லை. சக்கரத்தில் படிவது எங்கிருந்தோ வந்து அமர்ந்தது அன்று. பிரேக்கின் உடம்பே கழிந்து விழுந்தது. ஆகவே அது தூள்.

இதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்றும் உண்டு. ஒரே சாலையில், ஒரே புழுதியில் ஓடிய காரின் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேகத்தைக் குறைக்கும்போது காரின் எடை முன்பக்கமாகச் சாய்வதால் முன்பிரேக்குகளே அதிக வேலை செய்கின்றன. அதனால் முன்சக்கரங்கள் கறுத்திருக்கும், பின்சக்கரங்கள் ஓரளவு தெளிவாக இருக்கும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனெனில் டிரம் தன் தூளைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்கிறது. சாலையின் தூசியாக இருந்தால் நான்கு சக்கரங்களுக்கும் இத்தனை வேறுபாடு வர வழியில்லை.

இந்த மடல் உரையாடல் இழை தொடங்கிய அன்று நான் செய்து பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு சிறு காந்தத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, முன்சக்கரத்தின் இரண்டு ஆரக்கால்களுக்கு இடையே உள்ள மூலையில் மெல்ல ஒற்றி எடுத்தேன். தாளின் மேல் கரும்பழுப்பு நிறத்தில் மெல்லிய முடிகள் போல வரிசையாக எழுந்து நின்றது. காந்தத்தைத் திருப்பியபோது அந்த முடிகளும் சேர்ந்து திரும்பின. பிறகு அதே காந்தத்தை வேறொரு தாளில் சுற்றி, புத்தக அலமாரியின் மேல்தட்டில் கிடந்த தூசியில் ஒற்றினேன். தாளில் ஒட்டிய கொஞ்சமும் அப்படியே படுத்துக் கிடந்தது, எதுவும் எழுந்து நிற்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

‘தூசி’ என்று நினைத்ததால் நேர்ந்த சேதத்தையும் நான் பட்டிருக்கிறேன். முதன்முதலில் கார் வாங்கியபோது, தூசிதானே என்று உலர்ந்த துணியை எடுத்து நான்கு சக்கரங்களையும் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தால் பளபளப்பான மேற்பூச்சு முழுவதும் வட்ட வட்டமாக நுண்கீறல்கள். இரும்புத்தூளை ஒரு துணியில் ஏற்றி வண்ணப்பூச்சின் மேல் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கையேட்டில் ‘தூள்’ என்று எழுதியிருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

இனி ‘தேய்’ என்ற முன்பகுதி. பட்டியலைப் பார்த்த நண்பர் ஒருவர், தேய்தூள் என்றால் பாத்திரம் தேய்க்கும் தூள் என்று பொருள்பட்டுவிடாதா என்று தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான ஐயம். தமிழில் தேய்தல் வேறு, தேய்த்தல் வேறு. செருப்பு தேய்கிறது, நாம் பாத்திரத்தைத் தேய்க்கிறோம். முன்னது தானாக நிகழ்வது, பின்னது ஒருவர் செய்வது. தேய்க்கும் தூளுக்குப் பெயர் வைப்பதானால் அது ‘தேய்ப்புத்தூள்’ என்றோ ‘தேய்க்கும் தூள்’ என்றோ அமையும். ‘தேய்தூள்’ வினைத்தொகை, தேய்ந்த தூள், தேய்கின்ற தூள், தேயும் தூள் என முக்காலத்துக்கும் விரியும். இதே அமைப்பில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: தேய்பிறை. அதைக் கேட்டு யாரும் நிலவை எவரோ தேய்க்கிறார் என்று எண்ணுவதில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் தேய்ப்பிறை என்று நாம் எழுதாதது போலவே, இதையும் ‘தேய்த்தூள்’ என்று ஒற்று இட்டு எழுதக் கூடாது. அந்த ஒரு த் சேர்ந்தால்தான் நண்பர் அஞ்சிய குழப்பம் உள்ளே நுழையும். பட்டியலைச் செப்பனிடுபவர் இதை மறவாமல் கவனிக்க வேண்டுகிறேன், ஏனெனில் தானியங்கிப் பிழைதிருத்திகள் இந்த இடத்தில் ஒற்றைத் திணிக்கக்கூடும்.

தேய்பிறையில் தேய்வது பிறையே, ஆனால் இங்கே தேய்வது வட்டும் பேடும்தானே, தூள் எப்படித் தேயும் என்று கூர்மையாகக் கேட்கலாம். நானும் இதைச் சில நாள் யோசித்தேன். வட்டில் எந்தப் பகுதி தேய்ந்து போயிற்றோ அந்தப் பகுதியே இந்தத் தூள். நிலவில் தேய்ந்த பகுதி கண்ணுக்கு மறைகிறது. பிரேக்கில் தேய்ந்த பகுதி சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணெதிரே நிற்கிறது. எனவே ‘தேய்ந்த தூள்’ என்று விரிப்பதில் இலக்கண முரண் இல்லை என்றே கருதுகிறேன்.

அரப்பொடி என்ற பழஞ்சொல்லும் என்னை ஈர்த்தது. அரத்தால் இரும்பை ராவும்போது விழுவதற்குத் தமிழில் வழங்கும் அழகான சொல் அது. ஆனால் அது இரும்பை மட்டுமே குறிக்கும். நம் பொருளிலோ பேடின் பிசினும் கிராஃபைட்டும் கலந்திருக்கின்றன. கரி என்ற சொல்லைச் சேர்ப்பதும் சரிவராது. செராமிக் பேடுகளின் தூள் வெளிர்நிறமானது. நிறத்தைப் பெயரில் கட்டிவிட்டால் அந்தக் கார்களுக்குச் சொல் பொய்யாகிவிடும்.

உராய்வுத்துகளை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்கிறேன். உராய்வு என்பது காரணத்தின் பெயர், துகள் என்பது எண்ணவும் அளக்கவும் ஏற்ற அலகின் பெயர். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிமுறை, புகைக்குழாயில் இருந்து வருவதோடு நில்லாமல், பிரேக்கில் இருந்து காற்றில் கலக்கும், 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கும் வரம்பு வைத்திருக்கிறது: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்கார்களுக்கு 3 மில்லிகிராம். மின்கார்கள் மோட்டாரைக் கொண்டே பெருமளவு வேகத்தைக் குறைப்பதால் அவற்றின் பேடுகள் குறைவாகத் தேய்கின்றன. அத்தகைய மாசியல் எழுத்தில் ‘பிரேக் துகள்’ என்றோ ‘உராய்வுத்துகள்’ என்றோ எழுதுவது முற்றிலும் தகும். வாளியும் தூரிகையுமாகச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தேய்தூள் போதும்.

பிரேக் என்பதையே நிறுத்தி, தடுப்பி, தடை ஆகியவற்றில் எதனால் குறிப்பது என்ற விவாதத்தை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்குப் ‘பிரேக் தேய்தூள்’ என்று எழுதுவோம். முன்பகுதி பின்னால் மாறினாலும் பின்பகுதி அசையாது. அது மட்டுமல்லாமல், இதே பின்பகுதியைக் கொண்டு டயர் தேய்தூள், கிளட்ச் தேய்தூள் என்றும் ஆக்கிக்கொள்ளலாம். ‘நிறுத்தித்தூசு’ அப்படி எங்கும் கிளைக்காது.

அடுத்த நிலைக்கு இன்னொரு சொல் வேண்டும் என்பதை இதுவரை யாரும் குறிப்பிடவில்லை. தேய்தூளைப் பல வாரங்கள் கழுவாமல் விட்டால், சூட்டோடு வந்து ஒட்டிய இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து, மேற்பூச்சுக்குள் இறங்கி, செம்பழுப்புப் புள்ளிகளாக நின்றுவிடுகிறது. சோப்பு நீருக்கு அது அசையாது; விரலால் தடவினால் மணல்தாள் போல நெருடும். இதைப் ‘பதிதுரு’ எனலாம் என்பது என் பரிந்துரை. பதி என்பதற்கு வேறு பொருள்களும் இருப்பதால் இதில் எனக்குத் தேய்தூள் அளவுக்கு உறுதி இல்லை. நல்ல சொல் வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

இந்தப் பதிதுருவைக் கரைக்கும் திரவத்துக்குப் பட்டியலில் ‘துருநீக்கி’ என்று எழுதியிருக்கிறது. அதை அவசியம் மாற்ற வேண்டும். துருநீக்கி என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல பாஸ்பாரிக் அமிலம் கலந்தவை. பூச்சில்லாத இரும்புக்கு ஏற்றவை. சக்கரத்துக்கு உரியது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைக்கோலேட் போன்ற உப்பைக் கொண்டது. முடியைச் சுருட்டும் மருந்திலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்து அணைவுச் சேர்மமாகிக் கரைக்கிறது. தெளித்த சில நிமிடங்களில் நிறமற்ற திரவம் ஊதாச் சிவப்பாக மாறி, போல்ட் குழிகளில் இருந்து கோடு கோடாக வழியும். கந்தக நாற்றம் கடுமையாக இருக்கும். இதை ‘இரும்புகரைப்பி’ என்று வைத்தால், படிப்பவர் கடையில் அமிலப் புட்டியை எடுத்துவிடமாட்டார். சில சக்கரத் துப்புரவுத் திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் போன்றவை கலந்திருப்பதுண்டு. அவை பூச்சில்லாத அலுமினியத்தை அரிக்கும், தோலுக்கும் பெருந்தீங்கு செய்யும். ஆகவே இந்தப் பெயர்மாற்றத்தைத் தேய்தூளைவிடவும் அவசரமானதாகவே கருதுகிறேன்.

ஒரு சொல் நிற்குமா விழுமா என்பது பட்டியலில் தெரியாது, பத்தியில்தான் தெரியும். எனவே கையேட்டின் அந்தப் பகுதியை இச்சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்திருக்கிறேன்:

“காரின் உடலைக் கழுவும் முன் சக்கரங்களைக் கழுவுக. ஓட்டி வந்தவுடன் தொடங்க வேண்டாம். சக்கரமும் பிரேக்கும் கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும், இல்லையெனில் திரவம் காய்ந்து கறை பிடிக்கும். தேய்தூளை உலர்ந்த துணியால் துடைக்கவோ, காற்றழுத்தக் குழாயால் ஊதவோ கூடாது. அது மூச்சோடு உள்ளே போகும், பழைய வண்டிகளின் பேடுகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். முதலில் நிறையத் தண்ணீர் பாய்ச்சித் தளர்ந்த தேய்தூளை வழியவிட்ட பின், சோப்பு நீரும் மென்தூரிகையும் கொண்டு ஆரக்கால்களின் பின்புறம், உள்வளையம், போல்ட் குழிகள் என்ற வரிசையில் தேய்க்கவும். சக்கரத்துக்குப் பயன்படுத்திய வாளியையும் துணியையும் உடலுக்குப் பயன்படுத்தாதீர்கள். பதிதுரு தெரிந்தால் மட்டும், கையுறை அணிந்து, நிழலில் இரும்புகரைப்பியைத் தெளித்து, காய்வதற்குள் கழுவிவிடுக. மெழுகோ டயர் பளபளப்பியோ பிரேக் வட்டில் படக் கூடாது. இறுதியில் காரை மெதுவாக நகர்த்தி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து வட்டை உலர்த்தவும்.”

இதில் ‘தேய்தூளை’ என்று வரும் இடங்களில் எனக்கு நாக்கு தடுக்கவில்லை. ஆனால் ‘தேய்தூளை’ வரும் அதே வாக்கியத்தில் ‘தேய்க்கவும்’ என்றும் வருவது காதில் சற்று மோதுகிறது. அந்த இடத்தில் ‘துலக்கவும்’ என்று மாற்றலாமா என்று தயங்குகிறேன். துலக்குதல் பல்லுக்கும் பாத்திரத்துக்கும் வழங்குவது, சக்கரத்துக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. அடுத்த திருத்தம் போவதற்குள் இந்த ஒரு வினையைப் பற்றியும், ‘பதிதுரு’வைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.