ஒக்கியில எங்களுக்காகக் கடல்ல இறங்குன டைவர்

ஹெலிகாப்டர் மீட்புன்னா எல்லாரும் மேல நிக்கிற ஹெலிகாப்டரத்தான் பேசுறாங்க. நான் கீழ தண்ணியில கிடந்தவன். எனக்குச் சொல்ல வேண்டியது கம்பியில இறங்கி வந்த அந்த நேவி டைவரப் பத்தி.

எனக்கு ஊர் உவரி. 2017 நவம்பர் கடைசியில சித்தப்பா, மச்சான், குளச்சல்காரர் ஒருத்தர், நான்னு நாலு பேரும் கேரளத்து விழிஞ்ஞத்துல தங்குதொழிலுக்கு, அதாவது அங்கேயே தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தோம். 29ஆம் தேதி சாயங்காலம் கடலுக்குப் போகையில காத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மறுநாள் காலையில ஒக்கி புயலா மாறும்போது கரை தெரியாத ஆழத்துல நிக்கோம். மத்தியானத்துக்குள்ள படகு கவுந்துட்டு. ஃபைபர் படகு முழுசா முங்காது. கவுந்த அடிப்பக்கத்துல கயித்தக் குறுக்கக் கட்டிப் பிடிச்சுக் கிடந்தோம். அலை தூக்கி அடிச்சு அடிச்சு நெஞ்சுத்தோல் உரிஞ்சிட்டு.

ராத்திரி சித்தப்பாவுக்குக் கடுமையான நடுக்கம். விடியும்போது நடுக்கம் நின்னுது, பேச்சும் நின்னுது. நடுக்கம் நிக்கிறதுதான் ஆபத்துன்னு பிறகு ஆஸ்பத்திரியில சொன்னாவ. நம்ம கடல் வெதுவெதுப்பா இருந்தாலும் உடம்புச் சூட்டவிடக் குறைவுதானே, ராப்பகலாக் கிடந்தா சூட்ட உறிஞ்சிரும்.

டிசம்பர் 1ஆம் தேதி ஹெலிகாப்டர் வந்துச்சு. தப்பிச்சோம்னு நெனச்சா, அது கிளப்புற காத்துல தண்ணி மணல் மாதிரி மூஞ்சியில அடிக்கி. மூச்ச இழுத்தா தண்ணிதான் உள்ள போவுது. கொஞ்சம் தள்ளி டைவர இறக்குனாவ. கொக்கியக் கழட்டிட்டு அந்த அலையில எங்களப் பாத்து நீந்தி வந்தார். அடுத்து கொக்கி கீழ வந்ததும் மச்சான் எட்டிப் பிடிக்கப் போனான். டைவர் அவன் கையத் தட்டிவிட்டார். கொக்கி தண்ணியத் தொட்ட பிறகுதான் தானே பிடிச்சார். பறக்கிற ஹெலிகாப்டர்ல மின்சாரம் சேந்திருக்குமாம், முன்னாலயே தொட்டா ஷாக் அடிக்கும்.

நாலு பேரையும் ஒரு பார்வை பாத்தார். சித்தப்பாவக் காட்டி ஒரு விரலத் தூக்குனார். அவரக் கட்டிப் பிடிச்சு கூடவே மேல போனார். வாசல்ல நின்னவங்க உள்ள இழுத்துக்கிட்டதும் திரும்ப இறங்கிட்டார். எனக்கு இப்பவும் மலைப்பு அதுலதான். மேல போன மனுசன், பத்திரமான இடத்துல கால் வச்சவர், மறுபடி அந்தக் கடலுக்குள்ள வந்தார்! எரிபொருள் குறைஞ்சா ஹெலிகாப்டர் நிக்க முடியாதுன்னு எங்களவிட அவருக்கு நல்லாத் தெரியும். இடையில ஒரு அலை அவரத் தூக்கிப் படகுல மோதவிட்டுது. தாடையில ரத்தம். அதத் துடைக்கக்கூட இல்ல, என் கக்கத்துக்குக் கீழ பட்டைய இறுக்கிக்கிட்டிருந்தார். "பேடிக்கண்டா", பயப்படாதன்னு மலையாளத்துல சொன்னார். என் ரெண்டு கையையும் விலாவோட அமுக்கிவிட்டு மேல கை காட்டுனார்.

திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச சித்தப்பா மொதல்ல கேட்டது, "ஏல, அந்தப் பிள்ள கரையேறிட்டானா?"

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்களே, அப்பவும் விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் கர்ப்பிணியத் தூக்கிட்டுப் போச்சு. ஆத்து வெள்ளமும் நம்ம பக்கம் இப்படி வரும்னு ஆயிட்டு. அதனால இடிந்தகரை, கூத்தங்குழி, கூடுதாழை தம்பிமாருக்குச் சொல்லுதேன்: பட்டைய மாட்டுன பிறகு கையத் தூக்காதீங்க, தூக்குனா வழுகி விழுந்துருவீங்க. டைவர் யாரை மொதல்ல காட்டுறாரோ அவங்கள விடுங்க, போட்டி போடாதீங்க. எந்தக் காரணத்துக்காகவும் கம்பியப் படகுல கட்டிராதீங்க. அலையில படகு இழுத்தா ஹெலிகாப்டருக்கே ஆபத்து, கீழ நிக்கிற டைவருக்கும் சேத்துத்தான்.