கஹூட் வைத்தால் வகுப்பே துள்ளுகிறது, ஆனால் பாடம் மனதில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

கேட்டவர்: ஏழாம் வகுப்புக் கணக்கு

வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வாரக் கடைசியில் அந்த வாரம் நடத்திய பாடத்திலிருந்து கஹூட்டில் (திரையில் கேள்வி வர, பிள்ளைகள் தங்கள் டேப்லெட்டில் விடைக்குரிய நிறத்தைத் தட்டும் செயலி) ஒரு வினாடி வினா வைப்பது வழக்கம். பிள்ளைகளுக்கு அது என்றால் உயிர். "இன்னைக்கு கஹூட் உண்டா மிஸ்?" என்று காலையிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பிரச்சினை இதுதான். எப்போதும் அதே நாலைந்து பேர்தான் முதலிடத்தில் வருகிறார்கள். மற்றவர்கள் மூன்றாவது கேள்விக்குள் மனம் விட்டுப்போய், கைக்கு வந்த நிறத்தைத் தட்டுகிறார்கள். சிலர் கேள்வியை முழுதாகப் படிப்பதற்கு முன்பே தட்டிவிடுகிறார்கள். விளையாட்டில் தசமக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிள்ளையே அடுத்து வரும் தேர்வில் அதே கருத்தைத் தப்பாக எழுதுகிறது.

பரிசு கொடுத்துப் பார்த்தேன், சத்தம்தான் கூடியது. கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன், பாதியிலேயே களைத்துவிட்டார்கள். ஆனாலும் இதை விட்டுவிட மனமில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இந்த விளையாட்டில் மட்டும் எல்லாக் கேள்விக்கும் பதில் தருகிறாள். கை தூக்கச் சொன்னால் அவள் தூக்கவே மாட்டாள்.

நான் மாற்ற வேண்டியது செட்டிங்கையா, கேள்விகளையா? இன்னொரு பிரிவுக்கும் நான்தான் பாடம் எடுக்கிறேன். அங்கே பிள்ளைகளிடம் டேப்லெட் கிடையாது. அவர்களுக்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: இயற்பியல் ஆசிரியர்

டீச்சர், முதலில் மதிப்பெண் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கஹூட்டில் ஒரு சரியான பதிலுக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ஏற்ப அது குறைந்துகொண்டே போய், கடைசி நொடியில் சரியாகச் சொன்னால் 500 அளவில் நிற்கும். 20 நொடி டைமரில் 2 நொடியில் தட்டியவருக்கு 950, நிதானமாகப் போட்டுப் பார்த்து 18 நொடியில் தட்டியவருக்கு 550. தப்புக்குக் கழித்தல் இல்லை.

பிள்ளையின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். யோசித்தால் புள்ளி போகிறது, குருட்டாம்போக்கில் தட்டினால் நட்டம் ஒன்றுமில்லை. படிக்காமல் தட்டுகிற பிள்ளைகள் அந்த விளையாட்டின் விதிப்படி சரியாகத்தான் ஆடுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, விதியைத்தான் மாற்ற வேண்டும்.

பெருக்கல் வாய்ப்பாடு, சூத்திரம் போன்று பட்டென்று வர வேண்டியவற்றுக்கு வேகம் இருக்கட்டும். போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு என்றால் அந்தக் கேள்விக்கு மட்டும் "புள்ளி இல்லை" என்று வைத்து, டைமரையும் தாராளமாக நீட்டிவிடுங்கள். டைமரை மட்டும் நீட்டிப் புள்ளியை அப்படியே விட்டால் அவசரம் குறையும், ஆனால் முந்தித் தட்டியவருக்கே அதிகம் என்பது மாறாது.

குவிசிஸ் என்ற வினாடி வினாச் செயலி பழக்கமிருந்தால் அதுவும் நல்லது. 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அதில் கேள்வி ஒவ்வொருவரின் திரையிலும் தனித்தனியாக வரும், அவரவர் வேகத்தில் போகலாம். டைமரையும், யார் முன்னால் என்று காட்டும் லீடர்போர்டையும் அணைத்து வைக்க முடியும்.

பதில்: வினாத்தாள் போடுபவர்

மேலே சார் சொன்னது சரி. ஆனால் என்னைக் கேட்டால் பாதி வேலைதான் அது. மீதி கேள்வியில் இருக்கிறது. நாலு விடை கொடுக்கிறோம் என்றால், தப்பான மூன்றும் பிள்ளைகள் உண்மையிலேயே செய்கிற தப்புகளாக இருக்க வேண்டும். சும்மா இடத்தை நிரப்பப் போட்ட எண்களால் நமக்கு எதுவும் தெரியவராது.

தசமம் என்று சொன்னீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். "0.4, 0.35, 0.128: இவற்றில் பெரியது எது?" பார்க்க நல்ல கேள்விதான். 128 பெரிய எண்ணாயிற்றே என்று நினைக்கிற பிள்ளை 0.128ஐத் தட்டும், அதைப் பிடித்துவிடலாம். ஆனால் இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. பத்தில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சிறியது என்பதைப் பாதியாகப் பிடித்துக்கொண்டு, "புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைவாக இருந்தால் பெரிய எண்" என்று முடிவு கட்டியிருக்கும். அந்தப் பிள்ளையும் 0.4ஐத்தான் தட்டும். பச்சை டிக் விழும், நாமும் நகர்ந்துவிடுவோம். உங்கள் விளையாட்டில் சரி, தேர்வில் தப்பு என்பதற்கு இப்படிப்பட்ட கேள்விகளும் காரணமாக இருக்கலாம்.

அதையே இப்படிக் கேளுங்கள்: 0.3, 0.62, 0.485. நீளமானது பெரியது என்பவர் 0.485ஐ எடுப்பார். குட்டையானது பெரியது என்பவர் 0.3ஐ எடுப்பார். புரிந்தவர் 0.62ஐ எடுப்பார். ஒரே கேள்வியில் வகுப்பு மூன்றாகப் பிரிந்து உங்கள் கண்முன் நிற்கும்.

அதன் பிறகு உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991இலிருந்து செய்துவருகிற முறை இது. எல்லோரும் தனித்தனியாகப் பதில் தர வேண்டும். சரியானவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 30க்கும் 70க்கும் நடுவில் என்றால் சரியான விடையைச் சொல்லாமல், வேறு பதில் தந்த பக்கத்துப் பிள்ளையிடம் பேசிப் புரியவைக்கச் சொல்லி, மறுபடி அதே கேள்விக்குப் பதில் வாங்க வேண்டும். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். பாடம் ஏறுவது அந்த நடுவில் நடக்கிற பேச்சில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைக்குப் பிள்ளை விளக்கும்போது நமக்குத் தோன்றாத வார்த்தையெல்லாம் வந்து விழும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கஹூட் நேரம் முடிந்ததும் சரியான விடையைத் தானே காட்டிவிடும். அதனால் இப்படிப்பட்ட கேள்விகளை "கருத்துக் கணிப்பு" வகையில் போடுங்கள். அதில் சரி, தப்பு காட்டாது, எந்த விடையை எத்தனை பேர் தட்டினார்கள் என்ற பட்டைகள் மட்டும் வரும். பேச்சு முடிந்த பிறகு அதையே வினாவாக வையுங்கள்.

கேட்டவர்

நன்றி சார், நன்றி. 0.3, 0.62 கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். இப்படிப் பேசவிட்டால் ஒரு பீரியடில் எத்தனை கேள்வி நடத்த முடியும்?

பதில்: வினாத்தாள் போடுபவர்

நாலைந்து போதும் டீச்சர். பதினைந்து கேள்வி ஓட்டியதைவிட அதிகமாகவே நிற்கும்.

பதில்: தொடக்கப்பள்ளி அக்கா

டேப்லெட் இல்லாத பிரிவுக்கு பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள் தங்கச்சி, உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டையை அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். அட்டையில் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம் இருக்கும், நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தன் விடை மேலே வருமாறு பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் உங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்துத் திருப்புவது கஷ்டம். வாய் திறக்காத பெண்ணைப் பற்றிச் சொன்னீர்களே, அதுபோன்ற பிள்ளைகளுக்கு இது ரொம்பத் தோதானது.

அதுவும் முடியாவிட்டால் சிலேட்டு. எழுதி முடித்ததும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். கவிழ்த்து வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் முதல் வரிசை எழுதியதையே கடைசி வரிசையும் எழுதும்.

பதில்: விளையாட்டுப் பிரியர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். போட்டியை முழுக்க எடுத்துவிட்டால் பிள்ளைகள் காலையில் வந்து ஆசையாகக் கேட்பது நின்றுவிடும். அந்த ஆசை லேசில் கிடைப்பதல்ல. போட்டியை ஆளுக்கு ஆள் வைக்காமல் குழுவுக்குக் குழு வையுங்கள். கஹூட்டிலேயே குழு முறை இருக்கிறது, ஒரு குழுவுக்கு ஒரு டேப்லெட் போதும். விடை தட்டுமுன் குழு பேசிக்கொள்ள நேரமும் தரும். யார் தட்டுவது என்பதைக் கேள்விக்குக் கேள்வி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் தட்டிவிடும். குழுக்களையும் நீங்களே பிரியுங்கள்.

பதில்: இயற்பியல் ஆசிரியர்

குழு யோசனை நல்லது. ஆனால் தசமக் கேள்விபோல வகுப்பின் நாடி பார்க்கிற கேள்விக்குக் குழு வேண்டாம். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனியாக என்ன நினைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, எப்போது வைக்கிறோம் என்பது. அந்த வாரம் நடத்தியதை அந்த வாரமே கேட்டால் எல்லோருக்கும் ஓரளவு ஞாபகம் இருக்கும், தெரிந்ததுபோலத் தோன்றும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அது தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42.

அதனால் இந்த வாரக் கேள்வியோடு போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று என்று கலந்து வையுங்கள். விளையாட்டு முடிந்ததும் வருகிற அறிக்கையில் எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தப்புச் செய்தார்கள் என்று இருக்கும். அடுத்தமுறை மீண்டும் கேட்க வேண்டியவை அவைதான்.

கேட்டவர்

நடத்திப் பார்த்துவிட்டேன், சொல்லத்தான் வந்தேன். 0.3, 0.62, 0.485 கேள்வியைக் கருத்துக் கணிப்பாக வைத்தேன். நான் நினைத்ததைவிட நிறையப் பேர் 0.3ஐத் தட்டியிருந்தார்கள், எப்போதும் முதலிடத்தில் வருகிற பையன் உட்பட. பேசச் சொன்னதும் ஒருத்தி நோட்டில் 0.300, 0.620, 0.485 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அவனிடம் நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ சைபர் போட்டா எண் மாறாதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை வைத்தே மீதிப் பீரியட் ஓடிவிட்டது. மறுபடி பதில் வாங்கியபோது 0.62 தெளிவாக முன்னால் வந்துவிட்டது.

இன்னொரு பிரிவுக்கு பிளிக்கர்ஸ் அட்டை அச்செடுத்தாகிவிட்டது அக்கா. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். புள்ளி இல்லாத கேள்வி வரும்போது சில பிள்ளைகள் "இதுக்கு எதுக்கு மிஸ் பதில் சொல்லணும்?" என்கிறார்கள்.

பதில்: தொடக்கப்பள்ளி அக்கா

சொல்வார்கள், நாலு முறை நடந்தால் பழகிவிடும். பட்டைகள் திரையில் வந்ததும் நீங்கள் எதுவும் சொல்லாமல் கொஞ்சம் நில்லுங்கள். தன் பட்டை தனியாகச் சின்னதாக நிற்பதைப் பார்த்தால் பிள்ளையே "ஏன்?" என்று கேட்டுவிடும். அட்டையை மட்டும் கெட்டித் தாளில் எடுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது.