தங்கையின் பெயரில் போலி முகநூல் கணக்கு: வீட்டுக்குள் பேசியது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

மேட்டு லயன் எழுதியது:

வணக்கம். நான் ஹட்டனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். வீடு கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தங்கைக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அம்மா சந்தோஷம் தாங்காமல் அவளைப் படமெடுத்துத் தன் முகநூலில் போட்டார். பள்ளிச் சீருடை, கழுத்துப்பட்டி, கையில் லட்டுத் தட்டு. எங்கள் தோட்டத்தின் பெயரையும் கீழ்ப்பிரிவு என்பதையும் பெருமையாக எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அதே படத்தோடு தங்கையின் பெயரில் இன்னொரு கணக்கு முளைத்தது. அதிலிருந்து புறக்கோட்டையில் வேலை செய்யும் பெரியப்பா மகனுக்குச் செய்தி போயிருக்கிறது: "அண்ணா, அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் சத்திரசிகிச்சை, 15,000 ரூபா அவசரமாக வேண்டும்." எங்கள் லயனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோவில் மேட்டுக்கு ஏறினால்தான் அழைப்பு வரும். அவர் இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, கிடைக்காததால் பணத்தைப் போட்டுவிட்டார்.

என்னைத் தூங்கவிடாதது அந்த வியாழக்கிழமைதான். அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை என்பது உண்மை. எங்கள் ஐந்து பேர் கொண்ட மெசெஞ்சர் குழுவுக்கு வெளியே அந்த நாளை யாரும் சொல்லவில்லை. போலிக் கணக்கை நீக்குவது எப்படி? இந்த விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? தங்கை பள்ளிக்கூடம் போகவே கூச்சப்படுகிறாள்.

டிக்கோயா இளைஞன் எழுதியது:

அந்தக் கணக்கைப் படம்பிடித்து எல்லாக் குழுக்களிலும் போடுங்கள் அண்ணா. ஊரே சேர்ந்து அவனைத் திட்டினால் ஓடிவிடுவான்.

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் படம்பிடிப்பில் இருப்பது அந்தப் பிள்ளையின் முகம். ஊர் முழுக்கப் பகிர்ந்தால் அவன் செய்ததை நாமே பெரிதாக்கியதாகும். உறவினர்களுக்குத் தனித்தனியே சொல்லுங்கள், போதும்.

தம்பி, அம்மா போட்ட படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். என் மாணவிகளின் படங்களில் நான் அடிக்கடி காண்பது இதுதான்: பெறுபேற்றைத் தேடுவதற்காகப் பரீட்சைச் சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிய துண்டுத்தாள் மேசையோரத்தில் கிடக்கும். அப்படி ஏதாவது இருக்கிறதா?

மேட்டு லயன் எழுதியது:

இருக்கிறது அக்கா. லட்டுத் தட்டுக்குப் பின்னால், நீலப் பேனாவில் எழுதிய துண்டு. 12 இலக்கமும் தெளிவாகத் தெரிகிறது. இத்தனை நாளும் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

அந்த 12 இலக்கம் பிறந்த தேதியையே சொல்லிவிடும். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 2009 என்ற நான்கு இலக்கத்தை அடுத்து 547 என்று இருந்தால் 47ஆவது நாள், அதாவது பெப்ரவரி 16இல் பிறந்த பெண். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கமாக இருக்கும்.

அம்மாவின் கடவுச்சொல் என்ன என்று இங்கே எழுத வேண்டாம். தங்கையின் பிறந்த தேதியா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதியதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டம், பிரிவு, தகப்பன் பெயர், இவ்வளவு தெரிந்தால் வாசல்வரை வந்துவிடலாம்.

பண்டாரவளை கணினிப் பயிற்சியாளர் எழுதியது:

டீச்சர் சொல்வது சரி. ஆனால் மெசெஞ்சர் குழுவில் பேசியது தெரிந்திருக்கிறதென்றால், குழுவிலுள்ள ஐந்து கணக்குகளில் ஒன்றை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். முதலில் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். அதை யார் தொடங்கிக் கொடுத்தார்கள்?

மேட்டு லயன் எழுதியது:

போன் வாங்கிய அன்று, டவுனில் ஒரு கடையில் தொடங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு மின்னஞ்சல் எதுவும் கிடையாது ஐயா. கடவுச்சொல்லும் நீங்கள் இருவரும் பயந்ததுபோலத்தான்.

பண்டாரவளை கணினிப் பயிற்சியாளர் எழுதியது:

மலையகம் முழுக்க நான் சந்திக்கும் சிக்கல் இது. மின்னஞ்சல் இல்லாதவருக்குக் கடைப் பையன் தன்னுடையதையோ, அந்த நேரத்துக்கு உருவாக்கிய ஒன்றையோ போட்டுக் கணக்கைத் திறந்துவிடுவான். உதவி என்று நினைத்துத்தான் செய்வான். ஆனால் அந்த மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவர் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினாலே கணக்குக்குள் வந்துவிடலாம். நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அதனால் செய்யும் வரிசை முக்கியம். கோவில் மேட்டில் நல்ல சிக்னலில் உட்கார்ந்து, அம்மாவின் போனிலேயே செய்யுங்கள். அமைப்புகளில் கணக்கு மையத்துக்குள் போய், தனிப்பட்ட விவரங்களில் தொடர்புத் தகவலைத் திறங்கள். அம்மாவின் தொலைபேசி இலக்கம் அங்கே உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை முதலில் சேருங்கள். அதைச் செய்யாமல் மின்னஞ்சலை நீக்கினால் நீங்களே வெளியே நிற்க நேரிடும். தெரியாத மின்னஞ்சல் இருந்தால் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். அடுத்து கடவுச்சொல். பிறந்த தேதி, போன் இலக்கம் வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் தோன்றக்கூடிய, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

அதன்பின் கடவுச்சொல்லும் பாதுகாப்பும் என்ற பகுதியில், எந்தெந்தக் கருவிகளில் கணக்குத் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அதையும் படம்பிடித்துவிட்டு, அம்மாவின் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கடைசியாக, கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

மேட்டு லயன் எழுதியது:

நேற்று மாலை கொழுந்து நிறுத்து முடிந்து அம்மா வந்ததும் இருவரும் மேட்டுக்குப் போனோம். கொழுந்துக் கறை படிந்த விரலால் அம்மாவே ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் வாசித்துச் சொன்னேன். ஒருபோதும் கேள்விப்படாத ஒரு மின்னஞ்சல் இருந்தது. பட்டியலில் மூன்று கருவிகள். ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று போன மாதம் நான் விற்ற என் பழைய போன். அதில் அம்மாவின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன். மூன்றாவது கொழும்பு என்று காட்டியது. எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டோம்.

கடைக்குப் போய்க் கேட்கலாமா? எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பண்டாரவளை கணினிப் பயிற்சியாளர் எழுதியது:

போகாதீர்கள் தம்பி. அந்த மின்னஞ்சலா, விற்ற போனா, பிறந்த தேதியா, எந்த வழியாக வந்தான் என்று நமக்குத் தெரியாது. பட்டியல் காட்டும் ஊர்ப் பெயரும் உத்தேசம்தான். ஹட்டனில் இருப்பவரையும் சில நேரம் கொழும்பு என்று காட்டும். குற்றமில்லாத ஒரு பையனின் பெயர் கெடக்கூடாது. படங்களைப் பொலிஸில் கொடுங்கள். பிறர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

இனிமேல் போனை விற்பதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

மஸ்கெலியா வாசகி எழுதியது:

போலிக் கணக்கைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் முறையிடும் வழி வரும். வேறொருவராக நடிக்கிறார் என்பதைத் தேர்ந்து, நண்பர் என்று குறிப்பிடுங்கள். தங்கைக்குச் சொந்தக் கணக்கு இல்லாவிட்டால் முகநூலின் உதவி மையத்தில் அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. முறையிடுவதற்கு முன் அந்தக் கணக்கின் இணைப்பை நகலெடுத்து வையுங்கள். பெயரை எந்த நேரமும் மாற்றிவிடுவார்கள். "நான் முகநூல் அலுவலர், அடையாள அட்டையை அனுப்புங்கள்" என்று யாராவது உட்பெட்டியில் வந்தால் அவனும் கள்ளன்தான்.

இலங்கை கணினி அவசரப் பிரிவான சேர்ட்டுக்கு 101இல் சொல்லலாம். தங்கை 18 வயதுக்குக் குறைந்தவள் என்பதால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் சொல்லுங்கள். பணம் போட்ட வங்கிக்கு உங்கள் அண்ணன் இன்றே போகவேண்டும்.

என் அம்மாவிடம் ஒருவன் இப்படித்தான் ஆறு இலக்கக் குறியீடு கேட்டு வாட்ஸ்அப்பைப் பறித்தான். அதிலும் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

பொலிஸுக்குப் போகும்போது முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொண்டு போங்கள். அங்கே சிங்களத்தில் பதிந்தால் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டபிறகு அம்மா கையெழுத்திடட்டும். விளங்காமல் கையெழுத்திட்டு வந்த பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன்.

உறவினர்களை அவன் தேடிப் பிடித்தது அம்மாவின் நண்பர் பட்டியலிலிருந்தாக இருக்கலாம். அதை "நான் மட்டும்" என்று மாற்றுங்கள். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே அழுத்தில் சுருக்கும் வசதியும் உண்டு. தங்கையிடம் சொல்லுங்கள், இதில் அவள் செய்த பிழை எதுவுமில்லை. வகுப்பாசிரியையிடம் அம்மாவே போய்ப் பேசினால் அவளுக்குத் தைரியம் வரும்.

மேட்டு லயன் எழுதியது:

போலிக் கணக்கு இன்று காலை நீக்கப்பட்டுவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் முறையிட்டிருந்தோம். வங்கியில் அண்ணனிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள், பணம் இன்னும் வரவில்லை. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழிலேயே ஏற்றார்கள். வரும் திங்கட்கிழமை அம்மாவைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா அந்தப் படத்தை முகநூலிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கும்போது அழுதார். துண்டுத்தாளையும் பள்ளிச் சின்னத்தையும் வெட்டிவிட்டு, மிச்சப் படத்தை ஹட்டனில் பெரிதாக அச்சடித்து வந்தேன். தங்கைதான் அதைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தாள். நாளை முதல் பள்ளிக்கூடம் போகிறாள்.