வரிசைக் கேள்வியில் மனப்பாடம் எங்கே உடையுது?

(ராமநாதபுரம் கடலோர ஊர்க்காரங்க மூணு பேர் பேசிக்கிறது; பேருக்குப் பதிலா அவங்க ஊர்.)

தொண்டி:
2012ல சூர்யா நடத்துன ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ மாதிரி வினாடி வினா நிகழ்ச்சிக்குத் தயாராகுற பிள்ளைங்க வருஷத்தை மட்டும் உருப்போடுறாங்க. ஹாட் சீட்டுக்கு முன்னாடி வர்ற வரிசைப்படுத்துற கேள்வியில அது உடைஞ்சிரும். நாலு விடைன்னா 24 வரிசை வரும். முதலும் கடைசியும் உறுதியாச்சுன்னா மிச்சம் ரெண்டே ரெண்டு. அதனால நடுவுல உள்ளதைக் கடைசியாப் பாருங்க.

நம்ம பக்கத்தையே எடுத்துக்கங்க: பாம்பன் சாலைப் பாலம், தனுஷ்கோடி புயல், கலாம் சிறுவயசுல பேப்பர் போட்டது, பாம்பன் ரயில் பாலம். ஒரு வருஷமும் நினைவுக்கு வரலைன்னு வைங்க. உலகப்போர் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்காது, ஓடுற ரயில்ல இருந்து எறியுற பேப்பர் கட்டைத்தான் அவர் எடுத்தார். ஆக, ரயில் பாலம் முந்தி. அந்த ரயில் போன தனுஷ்கோடியைப் புயல் அழிச்சது, அது பிந்தி. அதே புயல்ல ரயில் பாலம் சிதைஞ்சதும் தீவுக்கு ஏன் தரைவழியே இல்லாமப் போச்சு? சாலைப் பாலம் அப்ப கிடையாது. 1914, போர்க்காலம், 1964, 1988. ஒரு கதை நாலையும் வரிசையா இழுத்துட்டு வந்துருச்சு.

கீழக்கரை:
சரிதான் காக்கா (அண்ணே). ஆனா தப்பான ரெண்டு விடையை நீக்குற 50:50 உதவியில கெட்டிக்காரப் பிள்ளைகதான் மூணு கதவுப் புதிரை நினைச்சுச் சறுக்குதுக. அந்தப் புதிர்ல ஒரு கதவுக்குப் பின்னாடிதான் பரிசு, நாம ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம். நடத்துறவருக்கு நம்ம கதவும் தெரியும், பரிசுக் கதவும் தெரியும், அதைத் தொடாம வெத்துக் கதவைத் திறப்பார், அதனால மாத்துனா மூணுக்கு ரெண்டு வாய்ப்பு. இங்கே கம்ப்யூட்டருக்கு நம்ம மனசுல நினைச்சது தெரியாது. குருட்டு ஊகமா ஒண்ணை நினைச்சிருந்து அது நீங்காம நின்னா, ரெண்டுக்கும் சரிபாதிதான். மாத்த ஒரு காரணமும் இல்லை.

அதே உதவி, ரெண்டு விடைக்கு நடுவுல இழுபறியா இருக்கும்போது நல்லா வேலை செய்யும். அதுல ஒண்ணு சரின்னு நிச்சயம், தப்பானதை ஒரு கணக்கும் இல்லாம நீக்குறாங்கன்னா, மூணுல ரெண்டு தடவை போட்டி விடை காணாமப் போயிரும். நாலும் இருட்டுன்னா வீணாக்காதீங்க.

மண்டபம்:
பழைய கைடு புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. நாட்டுலயே நீளமான கடல் பாலம் பாம்பன்னு இன்னும் அதுல கிடக்கும். மும்பையில அடல் சேதுவே 21.8 கி.மீ., பாம்பன் ரயில் பாலம் ரெண்டு கி.மீ. சொச்சம். கப்பலுக்கு வழி விடுறதும் மாறிருச்சு: பழசு ரெண்டு கையா விரிஞ்சது, 2025 ஏப்ரல்ல திறந்ததுல 72.5 மீட்டர் துண்டு நேரா மேலே ஏறும். குறிப்பெடுக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ‘எந்த வருஷ நிலவரம்’னு ஒரு நம்பர் போட்டுருங்க.