12க்கு 12 அறையில் ஹோம் தியேட்டர்: சோபாவில் பேஸ் இல்லை, வசனமும் புரியவில்லை

கேள்வி:
மாடியில் சும்மா கிடந்த அறையை ஹோம் தியேட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), பேஸ் என்கிற அடித்தொனியைத் தரும் 10 அங்குல சப்வூஃபர் முன்பக்க மூலையில், சோபா அறைக்கு நட்டநடுவில். சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகிறது, எழுந்து பின்சுவர்ப் பக்கம் போனால் வயிற்றைக் குலுக்குகிறது. வசனம் வேறு குழறுகிறது, தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட வேண்டியிருக்கிறது. கடையில் சொன்னபடி முன்சுவர் முழுக்க ஒரு அங்குல ஃபோம் ஒட்டியாயிற்று, பெரிய மாற்றமில்லை. இப்போது 12 அங்குல சப்வூஃபர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1:
வாங்காதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறையே சேர்ந்து அதிரும் அதிர்வெண், வரும், உங்களுக்கு 1130ஐ 24ஆல் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டுமே அதே 47இல் வந்து விழுகின்றன, சதுர அறையின் சாபம் அதுதான். அந்த அதிர்வெண்ணில் அழுத்தம் சுவரோரம் உச்சம், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். உங்கள் சோபா அந்தப் பூஜ்யத்தில் கிடக்கிறது, 18 அங்குலம் வைத்தாலும் அங்கே கேட்காது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் ஜிப்சம் பலகைச் சுவர் பேஸைக் கொஞ்சம் விழுங்கிவிடும், நம்மூர் செங்கல் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும்.

காது முன்சுவரிலிருந்து ஏழரை அடியில் வருகிற மாதிரி சோபாவைப் பின்னால் தள்ளுங்கள். சப்வூஃபரை முன்சுவரின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அங்கே வைத்தால் அகலத் திசையின் 47 தூண்டப்படாது. பின்னாளில் காசு சேர்ந்தால் அதே மாடல் இன்னொன்றைப் பின்சுவரின் நடுவில் வையுங்கள், இரண்டும் சேர்ந்து நீளத் திசையின் 47ஐயும் அடக்கிவிடும். பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டு மேல்.

பதில் 2:
வசனத்துக்கு என் பங்கு. அறை நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து, ஒருவரைப் பக்கச்சுவர் நெடுக கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கேதான் ஒலியை உறிஞ்சும் பேனல் வர வேண்டும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), இரண்டு அங்குலப் பலகை இரண்டை அடுக்கி, மரச்சட்டம் அடித்து, மூச்சு விடுகிற துணியால் போர்த்தினால் போதும், ஆசாரி ஒரே நாளில் முடித்துவிடுவார். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான். டைல்ஸ் மேல் கனமான கம்பளம் ஒன்று. ஒரு அங்குல ஃபோம் உச்ச ஸ்தாயியை மட்டும்தான் உறிஞ்சும், 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 24 அடி, அதற்கு இந்த ஃபோம் இருப்பதே தெரியாது.

பதில் 3:
முட்டை அட்டை ஒட்டிப் பாருங்கள் ப்ரோ, செலவே இல்லை, சத்தம் வெளியேயும் போகாது.

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். தீப்பிடிக்கும், கரப்பான் குடியேறும், பேஸ் ஒரு துளி குறையாது. உறிஞ்சுவது வேறு, சத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது வேறு. தடுக்கக் கனமும் இடைவெளி இல்லாமையும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சோபாவையும் சப்வூஃபரையும் நகர்த்தினேன், செலவில்லாமலே பேஸ் வந்துவிட்டது, நன்றி சார். ஆனால் ஏதோ ஒரு நோட்டில் மட்டும் இன்னும் 'ங்ங்' என்று இழுக்கிறது. அப்புறம் கீழ்வீட்டு அம்மா சத்தம் போடுகிறார்.

பதில் 2:
உயரத்துக்கும் அதே கணக்கு, 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அதுவாக இருக்கலாம். அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம், அளவிடும் மைக் ஒன்றை இரவல் வாங்கி கிராஃப் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். மேடு இருந்தால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) குறைக்கலாம், பள்ளத்தை மட்டும் ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். கீழ்வீட்டுக்கு, சப்வூஃபருக்கு அடியில் கெட்டியான ரப்பர் பேட் போட்டால் தரை வழியாக இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும். மீதிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வால்யூமைக் குறைப்பதைத் தவிர மலிவான வழி இல்லை.