முதன்முதலாக நம்மைத் திரையில் பார்த்த நாள் – அனுபவப் பகிர்வு

மொட்டைமாடி

2018 செப்டம்பரை நான் தேதி பிசகாமல் நினைவு வைத்திருக்கிறேன். 6ஆம் தேதி, ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377ஆம் பிரிவு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; இனி அது குற்றமில்லை என்று. ஆபீஸ் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. அதே மாதம் 21ஆம் தேதி நைரோபியில் ஒரு நீதிபதி, 'ரஃபீக்கி' என்ற படத்தின் மேலிருந்த தடையை ஏழு நாளைக்கு மட்டும் விலக்கினார். இரண்டு பெண்களின் காதலைப் பற்றி வனூரி கஹியு எடுத்த படம். கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம் அதுதான், ஆனால் சொந்த நாட்டில் திரையிட முடியாமல் இருந்தது. முடிவு நம்பிக்கையோடு இருக்கிறது, அதை மாற்று என்று அங்கே தணிக்கை வாரியம் கேட்டது. அவர் மாற்றவில்லை. கிடைத்த ஏழு நாளில் நைரோபியில் அரங்குகள் நிரம்பி வழிந்தன.

நான் அதைப் பார்த்தது ஒன்றரை வருடம் கழித்து. போனில், போர்வைக்குள், ஒரு காதில் மட்டும் ஹெட்செட். இன்னொரு காது அம்மாவின் காலடிச் சத்தத்துக்கு.

கெனா, ஸிகி என்று இரண்டு பெண்கள். இருவருடைய அப்பாக்களும் உள்ளூர்த் தேர்தலில் எதிரெதிராக நிற்கிறார்கள். தெருவில் யார் யாரோடு போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு கடைக்காரி. அவ்வளவு பெரிய ஊரில் அந்த இரண்டு பேருக்கும் இருக்கிற இடம், கைவிட்டுக் கிடக்கும் ஒரு பழைய வேன். எனக்கும் அவளுக்கும் அது மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் விழுகிற நிழலாக இருந்தது. நாலடி அகலம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் விழும்.

'ரஃபீக்கி' என்றால் சுவாஹிலியில் நண்பர். தன் துணையை அங்கே ஊருக்கு அறிமுகப்படுத்த அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல முடிகிறது என்று இயக்குநர் எழுதியிருக்கிறார். "இவ என் ஃப்ரெண்டு" என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன்!

உங்களுக்கும் அப்படி ஒரு படம் இருக்கும். எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது? அதை எழுதுங்கள்.


செவ்வந்தி

நான் முதலில் பார்த்தது படத்தை இல்லை, ஒரு போட்டோவை. 1998 டிசம்பர். இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஓடிய தியேட்டர்களை மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கினார்கள். அதை எதிர்த்து டெல்லி ரீகல் தியேட்டர் வாசலில் பெண்கள் மெழுகுவர்த்தியோடு கூடினார்கள். நான் இந்தியப் பெண், நான் லெஸ்பியன், இரண்டும்தான் என்று சொல்லும் அட்டை அந்தக் கூட்டத்தில் ஒரு கையில் இருந்தது. அந்த போட்டோவைக் கத்தரித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு 26 வயது, இடுப்பில் ஒரு குழந்தை.

'ஃபயர்' பார்க்க இன்னும் பதினோரு வருடம் ஆயிற்று. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனாலும் எனக்கு இன்றைக்கும் அந்த அட்டைதான்.


தனிமரம்

ஷார்ஜாவில் ஏழு பேர் தங்கியிருந்த ரூம். இரண்டடுக்குக் கட்டில், எனக்கு மேல் தட்டு. எல்லோரும் தூங்கினபிறகு லேப்டாப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு 'ஹேப்பி டுகெதர்' பார்த்தேன். வோங் கார்-வாய் 1997இல் எடுத்தது. கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த படம்.

ஹாங்காங்கிலிருந்து இரண்டு ஆண்கள் அர்ஜென்டினாவுக்குப் போகிறார்கள். டோனி லியுங், லெஸ்லி சியுங். இகுவாசு அருவியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி, வழி தவறி, சண்டை போட்டுப் பிரிந்து, புவனோஸ் ஐரிஸில் காசில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். உலக உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் அவர்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் அடியில் இருக்கிற நகரம். அதற்கு மேல் தூரமாக ஓட பூமியில் இடம் கிடையாது.

ஒரு காட்சி. லெஸ்லியின் இரண்டு கையிலும் கட்டு. டோனிக்குக் காய்ச்சல். பசிக்குது, சமைச்சுக் குடு என்கிறான் அவன். காய்ச்சல்காரனையா சமைக்கச் சொல்றே, நீயெல்லாம் மனுஷனா என்று இவன் கத்துகிறான். அடுத்து பார்த்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கிறான். எங்கள் ரூமில் ஒருவனுக்காக நான் அப்படி நின்றிருக்கிறேன். கஞ்சியும் பருப்புத் துவையலும். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்யா" என்று மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

2014இல் அவன் கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனான். திரும்பி வந்து வேறு ரூம் எடுத்துக்கொண்டான்.

படத்தின் முடிவில் டோனி ஊர் திரும்புகிற வழியில் தைபேயில் இறங்குகிறான். அவனோடு ஹோட்டலில் வேலை பார்த்த சாங் என்ற பையனின் அப்பா அம்மா அங்கே இரவுச் சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அவனுக்குப் புரிகிறது, இந்தப் பையனால் எப்படிக் கவலையில்லாமல் உலகமெல்லாம் சுற்ற முடிகிறது என்று. எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போக அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் லேப்டாப்பை மூடிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஊர் இருக்கிறது. அப்பா கட்டின வீடு இருக்கிறது. நான் அனுப்பின பணத்தில் எழுப்பின மாடி இருக்கிறது. ஆனால் அங்கே நான் நானாகப் போய் இறங்க முடியாது.

லெஸ்லி சியுங் 2003 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார். வருடா வருடம் அன்றைக்கு அந்தத் துவையல் அரைக்கிறேன்.


ஸ்காபரோ பெடியன்

தனிமரம் அண்ணை, நீங்கள் எழுதினதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் செய்யேலாமல் போச்சு.

எனக்கு 'ஃபன்னி பாய்'. ஷியாம் செல்வதுரையின்ர 1994 நாவலை தீபா மேத்தா 2020ல படமாக்கினவ. கொழும்பில வளருற ஆர்ஜி, சின்ன வயசில சீலை உடுத்திப் பொம்பிளை விளையாட்டு விளையாடுறவன், பிறகு ஒரு சிங்களப் பெடியனை விரும்புறான், பிறகு 83 யூலைக் கலவரம். கடைசியில குடும்பம் கனடாவுக்கு வருது. எங்கட குடும்பமும் அப்பிடி வந்ததுதான். அம்மாவோட இருந்து பார்த்தனான். கலவரத்தைப் பற்றின படம் எண்டுதான் கூப்பிட்டனான், மற்றதை முதல்ல சொல்லேல்லை.

ஒரு கோவம் இருக்கு, அதையும் எழுதத்தான் வேணும். முக்கியமான பாத்திரங்கள் பலதுக்குத் தமிழ் ஆக்களைப் போடேல்லை, தமிழ் கதைக்கிற விதம் காதில குத்தினது. இஞ்ச கனபேர் அப்பவே எதிர்ப்புச் சொன்னவை. அது நியாயமான கோவம். எங்கட கதையிலயே எங்கட பாஷை அந்நியமாக் கேட்டால் நாங்கள் எங்க போறது? ஆனா எனக்குத் தெரிஞ்ச சிலபேர் அந்தக் கோவத்தோட சேர்த்து, எங்கட சனத்தில இப்பிடி ஆக்களே இல்லை எண்டும் சொல்லிச்சினம். அதுதான் எனக்கு மற்ற அடி. தமிழன் எண்டு ஒருக்கா விரட்டினவங்கள், தமிழனே இல்லை எண்டு இவை.

கலவரம் வாற இடத்தில அம்மா அழுதவ. மற்றதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் விடிய, "அந்தப் பெடியன்ர கூட்டாளி பிறகு என்ன ஆனவன்?" எண்டு கேட்டவ. "கொழும்பிலயே நிண்டிட்டான் அம்மா" எண்டன். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சபடி கனநேரம் இருந்தவ.


பனங்காடு

நான் திருநங்கை. சிலி நாட்டுப் படம் ஒண்ணு, 'எ ஃபென்டாஸ்டிக் வுமன்'. செபாஸ்டியன் லெலியோ 2017ல எடுத்தது, அடுத்த வருஷம் சிறந்த வெளிநாட்டுப் படம்னு ஆஸ்கார் வாங்குச்சு. மரீனாவா நடிச்ச டேனியலா வேகா திருநங்கைதான். முதல்ல சும்மா ஆலோசனை கேக்கத்தான் இயக்குநர் அவங்கள கூப்பிட்டார், அப்புறம் அவங்களே நாயகி ஆயிட்டாங்க. நம்ம ஊர்லயும் 2011லயே 'நர்த்தகி'ல கல்கி சுப்ரமணியம் நாயகியா நடிச்சாங்க. அதுக்கப்புறமும் பெரிய படம்னா ஆம்பளைக்குத்தான் புடவை கட்டி விடறாங்க. 'சூப்பர் டீலக்ஸ்'ல விஜய் சேதுபதி நல்லாத்தான் நடிச்சார், தேசிய விருதும் வந்துச்சு. ஆனா அந்த வேஷம் எங்கள்ல ஒருத்திக்குப் போயிருக்கணும். இதுல நான் மாற மாட்டேன்.

மரீனா கூட வாழற ஓர்லாண்டோ ஒரு ராத்திரி திடீர்னு செத்துப் போறார். ஆஸ்பத்திரியில பேர் கேக்கறாங்க, சொன்னா சந்தேகமா பாக்கறாங்க. போலீஸ்காரர் அட்டையில இருக்கற பழைய பேரையே புடிச்சுக்கறார். ஓர்லாண்டோவோட பழைய குடும்பம் வீட்டைக் காலி பண்ணுங்குது, நாயைப் புடிச்சிட்டுப் போவுது, சாவுக்கு வராதேங்குது.

எங்கப்பா 2009ல செத்தாரு. தகவல் வந்ததும் குரு அம்மா பஸ்ஸுக்குக் காசு குடுத்து, மாலையும் வாங்கிக் குடுத்து அனுப்புனாங்க. தெருமுனையிலயே சித்தப்பா நிறுத்திட்டாரு. "பொணம் போவட்டும், அப்புறமா வா." வாய்க்கரிசி போட விடல. பெட்டிக்கடை ஓரமா மாலையைப் புடிச்சிக்கிட்டு நின்னு, மோளச் சத்தத்தை வச்சே கணக்குப் போட்டேன். இப்போ குளிப்பாட்டறாங்க, இப்போ தூக்கறாங்க, இப்போ கோயிலாண்ட திரும்பறாங்க.

படத்துல மரீனா கடைசியில எரிக்கற எடத்துக்குள்ள போயிடறா. எரிக்கறதுக்கு முன்னாடி அவர் முகத்தை ஒரு தடவை பாத்துடறா. புயல் காத்துல அவ சாஞ்சிக்கிட்டு நடக்கற காட்சியைத்தான் எல்லாரும் பெருசா பேசறாங்க. நான் இந்த எடத்தை மட்டும் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தேன். என்கூட இருந்த சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்காம பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.


மொட்டைமாடி

அக்கா, அந்த மேளச் சத்தம் எனக்கும் கேட்கிறது. வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.


இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. பெரியவன் பெங்களூர்ல இருக்கான். மூணு வருஷத்துக்கு முன்னாடி போன்ல தன்னைப் பத்திச் சொன்னான். நான் பதில் பேசாம போனை வச்சிட்டேன். ஒரு மாசம் கழிச்சு 'மூன்லைட்' படத்தை அனுப்பி, "முடிஞ்சா பாரும்மா"ன்னு மட்டும் எழுதியிருந்தான். இங்கிலீஷ் பாதிதான் புரிஞ்சுது, சின்னவ பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லிக் காமிச்சா.

அமெரிக்காவுல மயாமி ஊரு, கறுப்பின ஜனங்க இருக்கற லிபர்ட்டி சிட்டின்னு ஒரு இடம். எடுத்த பாரி ஜென்கின்ஸும், மூலக்கதை எழுதின டாரல் ஆல்வின் மெக்ரேனியும் அங்கயே வளர்ந்தவங்களாம். 2017ல சிறந்த படம்னு ஆஸ்கார் குடுத்தாங்க. ஒரே பையனா, சின்ன வயசு, வாலிபம், வளர்ந்தப்புறம்னு மூணு கட்டத்துக்கு மூணு பேர் வர்றாங்க.

அந்தப் பையன் சின்னவனா இருக்கறப்போ, சாப்பாட்டு மேசையில ஜுவான்கிற ஆளுகிட்ட கேக்கறான், மத்த பசங்க என்னைச் சொல்ற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு. ஜுவான் போதைமருந்து விக்கறவன். பெத்த அப்பனும் இல்ல. ஆனா அவன் நிதானமா, அது அந்த மாதிரி இருக்கறவங்க மனசை நோகடிக்கச் சொல்ற வார்த்தைன்னு சொல்றான். நீ அப்படி இருக்கலாம், ஆனா உன்னை யாரும் அந்தப் பேர் சொல்ல விடாதேங்கறான்.

என் பையன் மூணாங்கிளாஸ் படிக்கறப்போ பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, ஒம்போதுன்னா என்னம்மா?"ன்னு கேட்டான். நான் கிரைண்டர்ல மாவு தள்ளிக்கிட்டிருந்தேன். மாவுக் கையோட வாய் மேலயே அடிச்சேன். யாரு சொன்னா, எதுக்குச் சொன்னான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவன் அழுவக்கூட இல்ல. மூஞ்சி கழுவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதினான்.

படத்துல கடைசியா, வளர்ந்த பையன் பழைய சிநேகிதன் சமையல் பண்ற ஹோட்டலுக்கு வர்றான். அந்த சிநேகிதன் சோத்தை அச்சுல அமுக்கித் தட்டுல கவுத்து, கோழி வச்சு, தழை தூவி, பாத்துப் பாத்துப் பண்ணி, கொண்டாந்து வைக்கறான். அப்போதான் நான் பெங்களூருக்கு போன் போட்டேன். என்ன பேசறதுன்னு தெரியல. "சாப்டியா?"ன்னேன். "இல்லம்மா"ன்னான். ராத்திரி பதினொண்ணு. ரெண்டு பேரும் லைன்லயே இருந்தோம்.

பொங்கலுக்கு வந்தப்போ, அடிச்சதுக்கு மன்னிப்பு கேட்டேன். அவனுக்கு மறந்திருக்கும்னு நெனச்சிருந்தேன். மாவு வாசனை கூட ஞாபகம் இருக்குன்னான்.


கடைசி பெஞ்ச்

19 வயசு, ஹாஸ்டல்ல இருக்கேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். ரூம்மேட் இன்னிக்கு ஊருக்குப் போயிருக்கான். ராத்திரி மூன்லைட் பாக்கப் போறேன்.


இரண்டு பிள்ளைகளின் அம்மா

ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மிதான்பா. மெஸ் மூடறதுக்குள்ள போய் சாப்பிட்டுட்டு வந்து உக்காரு.